நியூட்ரினோவின் நிறை ஏன் இத்தனை சிறிது: எந்தக் கொள்கை அந்தச் சிறுமையை எங்கே வைக்கிறது?

முதலில் விளக்க வேண்டிய எண்ணைத் தெளிவாக்கிக்கொள்வோம். நியூட்ரினோ, மின்னூட்டமில்லாத ஓர் இலேசான அடிப்படைத் துகள். அலைவுச் சோதனைகள் (பயணத்தில் ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறுவதைப் பார்ப்பவை) அதன் நிறையை அளப்பதில்லை. நிறை வர்க்கங்களின் வேறுபாட்டைத்தான் அளக்கின்றன. சுமார் 7.5×10⁻⁵, சுமார் 2.5×10⁻³ என இரண்டு வேறுபாடுகள் (அலகு: எலக்ட்ரான் வோல்ட் வர்க்கம்). பெரியதன் வர்க்கமூலம் 0.05. அதனால் மூன்று நியூட்ரினோக்களில் ஒன்றாவது 0.05 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ.) நிறைக்குக் குறையாமல் இருந்தாக வேண்டும். ஆய்வகத்தில் கிடைத்த மேல்வரம்பு, ஜெர்மனியின் கேட்ரின் சோதனை 2025ல் வெளியிட்ட 0.45 எ.வோ. எலக்ட்ரானின் நிறையோ 5,11,000 எ.வோ. 0.05 எ.வோ. என்று எடுத்துக்கொண்டால் இடைவெளி ஒரு கோடி மடங்கு.

இந்த ஒரு கோடியை எந்தக் கொள்கையும் சும்மா வரவழைத்துவிடுவதில்லை. ஒன்று, எங்கோ ஒரு மிகச் சிறிய எண்ணை வைக்கிறது. அல்லது எங்கோ ஒரு மிகப் பெரிய நிறையை வைக்கிறது. சில கொள்கைகள் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கின்றன. ஆகவே கொள்கைகளை ஒப்பிடும்போது "எது அழகு" என்பதைவிட இந்த மூன்று கேள்விகள் பயன்படும். சிறுமை எங்கே இருக்கிறது? குவாண்டம் திருத்தங்களிலிருந்து அதைக் காக்க ஏதாவது சமச்சீர்மை உண்டா? அந்தச் சிறுமையைச் சோதனையில் பிடிக்க வழி உண்டா?

டிராக் நிறை: சிறிய எண்ணை அப்படியே ஒப்புக்கொள்வது

இதுவரை கண்ட நியூட்ரினோக்கள் எல்லாம் இடக்கை வகை, அதாவது தற்சுழற்சி பயணத் திசைக்கு எதிரானது. எதிர் வகையான வலக்கை நியூட்ரினோவைச் சேர்த்து, எலக்ட்ரானுக்குப் போலவே ஹிக்ஸ் புலம் வழியாக நிறை கொடுக்கலாம். ஹிக்ஸின் வெற்றிட மதிப்பு (வெற்று வெளியிலும் அப்புலத்துக்கு இருக்கும் அளவு) 174 ஜிகா எ.வோ. (ஜிகா என்றால் நூறு கோடி) என்று வைத்தால், தேவைப்படும் யுகாவா இணைப்பு, அதாவது துகள் ஹிக்ஸோடு எவ்வளவு வலுவாக இணைகிறது என்ற எண், சுமார் 3×10⁻¹³. எலக்ட்ரானுக்கு அது 3×10⁻⁶. டாப் குவார்க்குக்கு ஏறக்குறைய 1.

"எலக்ட்ரானும் டாப்பைவிட மூன்று லட்சம் மடங்கு சிறியதுதானே, அதைச் சகிக்கிறவர்கள் இதைச் சகிக்கக் கூடாதா?" என்பது வழக்கமான வாதம். அது அரைகுறை வாதம். ஒரே தலைமுறைக்குள் பாருங்கள்: டாப் குவார்க் 173, பாட்டம் குவார்க் 4.2, எலக்ட்ரானின் கன உறவான டௌ 1.78 ஜிகா எ.வோ. மூன்றும் நூறு மடங்கு வரம்புக்குள் அடங்குகின்றன. டௌவிலிருந்து நியூட்ரினோவுக்கு இறங்கினால் 3,500 கோடி மடங்குக்கும் மேல். குவார்க்குகள், மின்னூட்ட லெப்டான்கள் எதிலும் இப்படியொரு பள்ளம் இல்லை.

ஆனாலும் டிராக் வழிக்கு உண்மையான ஒரு பலம் உண்டு. இந்த இணைப்பைச் சுழியாக்கினால் சமச்சீர்மை கூடுகிறது. அதனால் திருத்தங்கள் எல்லாம் அந்த இணைப்புக்கே விகிதமாக வருகின்றன. சிறிதாக வைத்தது சிறிதாகவே நிற்கும். சிக்கல் வேறிடத்தில். வலக்கை நியூட்ரினோவுக்கு எந்த மின்னூட்டமும் இல்லாததால், தன்னோடு தானே இணையும் மயோரானா நிறையை (துகளும் எதிர்த்துகளும் ஒன்றே என்றாக்குவது) இன்றைய அடிப்படைத் துகள் கொள்கையான திட்ட மாதிரியின் விதிகள் தடுப்பதில்லை. அதைத் தடுக்க லெப்டான் எண்ணை (எலக்ட்ரான், நியூட்ரினோ போன்ற லெப்டான்களின் கணக்கு), அல்லது பேரியான் எண்ணுக்கும் (புரோட்டான் போன்றவற்றின் கணக்கு) லெப்டான் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை, ஒரு விதியாகவே விதிக்க வேண்டும். யுகாவா உறுப்பை மட்டும் எழுதிவிட்டு "டிராக் மாதிரி தயார்" என்பவர்கள் இந்தப் பாதி வேலையை விட்டுவிடுகிறார்கள்.

சோதனையில் பிடிப்பதும் கடினம். 10⁻¹³ இணைப்பில் வலக்கை நியூட்ரினோக்கள் ஆதிப் பிரபஞ்சத்தில் வெப்பச் சமநிலைக்கு வரவே வராது. மேலே சொன்ன பேரியான்–லெப்டான் எண் வேறுபாட்டோடு இணையும் ஒரு புதிய விசை இருந்து அவற்றைச் சூடாக்கியிருந்தால் மட்டும், பயனுறு நியூட்ரினோ எண்ணிக்கை (ஆதிப் பிரபஞ்சத்தில் ஒளி தவிர்த்த கதிர்வீச்சின் அளவு) 3.044 என்ற எதிர்பார்ப்புக்கு மேல் குறைந்தது 0.14 அளவு கூடும்.

முதல் வகைச் சீசா: பெரிய நிறை, ஆனால் எவ்வளவு பெரிது?

திட்ட மாதிரியின் துகள்களை மட்டும் வைத்துக்கொண்டு, லெப்டான் எண்ணை மீற அனுமதித்தால், முதலில் எழுதக் கிடைப்பது ஒரே ஒரு உறுப்புதான் என்று ஸ்டீவன் வைன்பெர்க் 1979ல் காட்டினார். இரண்டு லெப்டான், இரண்டு ஹிக்ஸ், கீழே ஒரு பெரிய நிறை. கணக்கு எளிது: 174 ஜிகா எ.வோ.வை வர்க்கமாக்கி 0.05 எ.வோ.வால் வகுத்தால் 6×10¹⁴ ஜிகா எ.வோ. (174க்குப் பதில் 246ஐப் போட்டால் விடை இரட்டிப்பாகும். இரண்டு கட்டுரைகளின் எண்கள் ஒத்துவரவில்லை என்றால் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும்.) இந்த உறுப்பைக் குவாண்டம் வளையம் (இடையில் தோன்றி மறையும் துகள்களின் சுற்று) இல்லாத மட்டத்தில் பிரித்துத் திறக்க மூன்றே வழிகள். அவையே மூன்று சீசா வகைகள்.

முதல் வகையில், கனமான வலக்கை நியூட்ரினோ நடுவில் நிற்கிறது. டிராக் நிறையின் வர்க்கத்தை அந்தக் கன நிறையால் வகுத்தால் இலேசான நியூட்ரினோவின் நிறை. ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்கும் பலகை, பெயர்க்காரணம் அதுதான். மின்கோவ்ஸ்கி 1977ல் எழுதியது. 1979, 1980ல் யானாகிடா, கெல்மான்–ராமோண்ட்–ஸ்லான்ஸ்கி, மொஹபாத்ரா–செஞ்சனோவிச் எனப் பலரும் தனித்தனியே வந்தடைந்தார்கள்.

"சீசா மாபெரும் ஆற்றல் அளவை முன்கணிக்கிறது" என்ற வாக்கியம் அடிக்கடி வருகிறது. அது சரியல்ல. யுகாவா 1 என்றால் கன நிறை 6×10¹⁴ ஜிகா எ.வோ.; யுகாவாவை எலக்ட்ரானுக்குச் சமமாக வைத்தால் கன நிறை 5 டெரா எ.வோ.தான் (டெரா என்பது ஆயிரம் ஜிகா), யுகாவா 4×10⁻⁸ என்றால் வெறும் 1 ஜிகா எ.வோ. சீசா சொல்வது இரண்டுக்கும் இடையிலான உறவை மட்டுமே. எங்கே நிற்பது என்பதை மற்ற காரணங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த மற்ற காரணங்கள் ஒன்றையொன்று இடிக்கின்றன. இந்த அலசலிலேயே கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இது. கன நியூட்ரினோ சிதையும்போது பருப்பொருள் மிச்சப்பட்டது என்று ஃபுகுகிதாவும் யானாகிடாவும் 1986ல் சொன்னார்கள். பத்துப் பில்லியன் ஃபோட்டானுக்கு ஆறு என்ற பேரியான் மிச்சத்தை அது விளக்கிவிடும் என்பதுதான் முதல் வகையின் பெரிய கவர்ச்சி. ஆனால் கன நியூட்ரினோக்களின் நிறைகள் ஒன்றுக்கொன்று நன்கு விலகியிருந்தால், அவற்றில் மிக இலேசானதும் சுமார் 10⁹ ஜிகா எ.வோ.வுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது 2002ல் டேவிட்சனும் இபர்ராவும் கண்ட கீழ்வரம்பு. மறுபக்கம், அதே கன நியூட்ரினோ வளையமாகச் சுற்றி ஹிக்ஸின் நிறை வர்க்கத்தையும் மாற்றுகிறது. சீசா உறவைப் பொருத்தினால் அந்தத் திருத்தம் கன நிறையின் மும்மடிக்கு விகிதமாக ஏறுகிறது. திருத்தம் ஹிக்ஸ் நிறையைத் தாண்டாமலிருக்க 10⁷ ஜிகா எ.வோ.வுக்குள் நில்லுங்கள் என்றது 1998ல் விஸ்ஸானியின் கணக்கு. கீழ்வரம்பு 10⁹, மேல்வரம்பு 10⁷. இரண்டும் சந்திக்கவில்லை.

தப்பிக்க வழிகள் உண்டு. மீச்சமச்சீர்மை (ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்ற கொள்கை) திருத்தங்களை அடக்கலாம். இல்லையேல் இரண்டு கன நியூட்ரினோக்களின் நிறைகளை ஏறக்குறைய ஒன்றாக்கி ஒத்ததிர்வு மூலம் மிச்சத்தைப் பெருக்கலாம். அப்போது டெரா எ.வோ. அளவே போதும். ஆனால் எதற்கும் தனி விலை உண்டு. "எளிய உயர்நிலைச் சீசா இரண்டையும் ஒருசேர விளக்குகிறது" என்று சொல்லும்போது ஹிக்ஸ் பக்கக் கணக்கைத் தீர்க்காமல் விட்டிருக்கிறோம் என்பதை மறைக்கக் கூடாது.

இன்னொரு குறை, காரணிகளின் எண்ணிக்கை. மூன்று வலக்கை நியூட்ரினோ வைத்தால் புதிய காரணிகள் (கொள்கை தானே தீர்மானிக்காத எண்கள்) 18. தாழ் ஆற்றலில், கொள்கை அளவில்கூட, அளக்கக்கூடியவை 9: மூன்று நிறை, மூன்று கோணம், மூன்று கட்டம். பாதி தொடமுடியாத இடத்தில் கிடக்கிறது. இரண்டு வலக்கை நியூட்ரினோ மட்டும் வைத்தால் 11க்கு 7. அதோடு இலேசான நியூட்ரினோ ஒன்றின் நிறை சுழி என்ற கணிப்பும் கிடைக்கிறது. சிக்கனமான வடிவம் வேண்டுபவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

கன நிறையை 1 டெரா எ.வோ.வுக்கு இறக்கிவிட்டால் மோதுவியில் பிடித்துவிடலாம் என்பதும் ஒரு பொறி. கன நியூட்ரினோ சாதாரண நியூட்ரினோவோடு கலக்கும் அளவின் வர்க்கம் 0.05 எ.வோ.வை 1 டெரா எ.வோ.வால் வகுத்தது, அதாவது 5×10⁻¹⁴. உற்பத்தியே நடக்காது. கலப்பை உயர்த்த அணியின் உறுப்புகளை ஒன்றையொன்று கழியும்படி அமைக்கலாம். தற்செயலாகக் கழித்தால் ஒரு வளையத் திருத்தமே அதைக் குலைத்துவிடும். சமச்சீர்மையால் கழித்தாலோ லெப்டான் எண் கிட்டத்தட்ட காக்கப்பட்டுவிடும்; அப்போது எல்லோரும் தேடும் ஒரே மின்னூட்ட லெப்டான் இணை என்ற சமிக்ஞையும் கூடவே மங்கிவிடும்.

இரண்டாம் வகையும் மூன்றாம் வகையும்

இரண்டாம் வகையில் வலக்கை நியூட்ரினோவே வேண்டாம். மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு புதிய ஸ்கேலார் (ஹிக்ஸ் போன்ற, தற்சுழற்சி இல்லாத) புலம், தனக்கென ஒரு குட்டி வெற்றிட மதிப்பு பெறுகிறது. அதை ஒரு யுகாவா அணியால் பெருக்கினால் நியூட்ரினோ நிறை. வெற்றிட மதிப்பு 1 எ.வோ. என்றால் யுகாவா 0.05 போதும். புலத்தின் நிறை 1 டெரா எ.வோ. ஆனால், ஹிக்ஸோடு அதை இணைக்கும் மாறிலி சில பத்து எ.வோ. என்ற அளவில் இருக்க வேண்டும். சிறுமை வந்து உட்கார்ந்த இடம் அதுதான். அந்த மாறிலி சுழியானால் லெப்டான் எண் மீள்கிறது. ஆகவே பாதுகாப்பு உண்டு.

என் மதிப்பீட்டில், சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதில் இதை மிஞ்சிய மாதிரி இல்லை. இரட்டை மின்னூட்டத் துகள் ஒன்று வருகிறது. அது ஒரே மின்னூட்ட லெப்டான் இரண்டாகச் சிதையும் விகிதங்கள், நியூட்ரினோ நிறை அணியின் உறுப்புகளை நேரடியாகப் பிரதிபலிக்கின்றன. அலைவுச் சோதனை ஒருபுறம், மோதுவி மறுபுறம். இரண்டும் ஒரே அணியைச் சொல்லியாக வேண்டும். கவனிக்க வேண்டியது: வெற்றிட மதிப்பு சுமார் 10⁻⁴ ஜிகா எ.வோ.வைத் தாண்டினால் லெப்டான் சிதைவு பின்னுக்குப் போய் டபிள்யூ (மெல்விசையைச் சுமக்கும் துகள்) இணைச் சிதைவு முன்வரும். அதில் தேடுதல் கடினம், வரம்புகளும் தளர்வு. லெப்டான் வழியில் பெரிய ஹேட்ரான் மோதுவியின் வரம்பு இன்று 1 டெரா எ.வோ.வை ஒட்டி நிற்கிறது. வெற்றிட மதிப்பு சில ஜிகா எ.வோ.வைத் தாண்ட முடியாது. தாண்டினால் டபிள்யூ, இசட் நிறைகளின் விகிதம் கெடும். லெப்டான் எண்ணைத் தானாக உடையவிடும் பழைய வடிவமோ முடிந்துபோன கதை. அது உண்மையென்றால் இசட் துகளின் கண்ணுக்குத் தெரியாத சிதைவு இரண்டு நியூட்ரினோ அளவு கூடியிருக்கும்; லெப் மோதுவி மூன்றுக்கு மேல் காணவில்லை.

மூன்றாம் வகை, 1989ல் ஃபூட்டும் உடனிருந்தவர்களும் எழுதியது: வலக்கை நியூட்ரினோவுக்குப் பதில் மும்மைத் துகள் (மெல்விசையை உணரும் மூன்று துகள்களின் தொகுதி). மெல்விசையே அதை உண்டாக்குவதால் கலப்பு எவ்வளவு சிறிதானாலும் உற்பத்தி குறையாது. மோதுவி வரம்பு சுமார் 900 ஜிகா எ.வோ. கொள்கை அளவில் முதல் வகை தராத எதையும் இது பெரிதாகத் தருவதில்லை.

தாழ்ந்த ஆற்றலில்: தலைகீழ்ச் சீசாவும் வளைய வழிகளும்

தலைகீழ்ச் சீசா 1986ல் வந்தது. வலக்கை நியூட்ரினோவோடு இன்னொரு துணைத் துகளையும் சேர்த்து, லெப்டான் எண்ணை மீறும் ஒரே ஒரு சிறிய நிறையை வைக்கிறார்கள். டிராக் நிறை 10 ஜிகா எ.வோ., கன நிறை 1 டெரா எ.வோ. என்றால் விகிதம் 0.01, அதன் வர்க்கம் 10⁻⁴, 0.05 எ.வோ. கிடைக்க அந்தச் சிறிய நிறை 500 எ.வோ. ஆக வேண்டும். பாதுகாப்பான எண்தான். ஆனால் 500 எ.வோ. எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஒரு சிறிய எண்ணை இன்னொரு சிறிய எண்ணாக மாற்றியிருக்கிறோம். அதற்கு ஈடாகக் கிடைப்பது சோதனை: கலப்பு பெரிதாவதால் மியூவான் (எலக்ட்ரானின் இன்னொரு கன உறவு) எலக்ட்ரானும் ஃபோட்டானுமாகச் சிதைய வேண்டும். சுவிட்சர்லாந்தின் மெக் சோதனை அந்த நிகழ்தகவை 10¹³ல் சில பங்குக்குக் கீழே தள்ளிவிட்டது. ஆகவே எலக்ட்ரானையும் மியூவானையும் சேர்த்து ஒரே அளவு கலப்பைப் போட்டால் இந்த எண்கள் உடனே அடிபடும். சுவை (எலக்ட்ரான், மியூவான், டௌ என்ற வகை) அமைப்பைக் கவனித்துப் போட வேண்டும்.

வளைய மாதிரிகள் சிறுமைக்கு வேறொரு மூலம் காட்டுகின்றன: நேரடி மட்டத்தில் நிறை இல்லை, குவாண்டம் வளையத்தில்தான் பிறக்கிறது. ஒவ்வொரு வளையமும் 16π²ஆல், அதாவது சுமார் 158ஆல், வகுக்கும். ஒரு கோடியையும் இது ஒன்றே தராது; மீதியை இணைப்புகள்தான் தர வேண்டும். ஏ. ஸீயின் 1980 மாதிரி இந்த வரிசையில் முதல்வன். அதன் மிக எளிய வடிவம் சூரியக் கலப்புக் கோணத்தை 45° பக்கம் தள்ளியது. அளந்தது சுமார் 33°. மாதிரி விழுந்தது. நல்ல மாதிரி எப்படித் தோற்க வேண்டும் என்பதற்கு இது முன்னுதாரணம். எர்னஸ்ட் மாவின் 2006 மாதிரியில் வளையத்துக்குள் சுற்றுவது இருண்ட பருப்பொருள். துகள் நிறை 1 டெரா எ.வோ., யுகாவா 0.01 என்றால், அதன் ஸ்கேலார் இணைப்பு ஒன்று சுமார் 10⁻⁶ ஆக வேண்டும். ஒரே சமச்சீர்மை, இருண்ட பருப்பொருளை நிலைக்கவைக்கும் வேலையையும் நேரடி நிறையைத் தடுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. கூடுதல் துகள்களைச் சேர்த்ததற்கு அது நியாயமான பலன்.

கூடுதல் பரிமாணம் என்ற வழியில் வலக்கை நியூட்ரினோ மட்டும் வெளியே பரவி, நம் பக்கம் அதன் பங்கு நீர்த்துப்போகிறது. டிராக் சிறுமைக்கு இது வடிவியல் காரணம். பரிமாணத்தின் அளவு 0.45 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது என மினோஸ் நியூட்ரினோ சோதனை 2016ல் கட்டுப்படுத்தியது.

எது எதை வீழ்த்தும்

நியூட்ரினோ வெளிவராத இரட்டை பீட்டாச் சிதைவு (அணுக்கருவில் இரண்டு நியூட்ரான்கள் ஒருசேரச் சிதைந்து எலக்ட்ரான்களை மட்டும் வெளிவிடுவது) ஒருமுறை காணப்பட்டாலும் தூய டிராக் வழி முடிந்தது. ஷெக்டர்–வாலே தேற்றம் 1982லேயே அதைச் சொல்லிவிட்டது. ஆனால் எந்தச் சீசா என்பதை அது சொல்லாது. இன்றைய நிலை: செனான்-136ன் அரை ஆயுள் 3.8×10²⁶ ஆண்டுக்கு மேல் என்கிறது ஜப்பானின் காம்லேண்ட்-ஜென் சோதனை. அதைப் பயனுறு நிறையாக (மூன்று நிறைகளின் ஒரு கலவை) மாற்றினால் மேல்வரம்பு 0.028 முதல் 0.122 எ.வோ. வரை விரிகிறது, விரிவுக்குக் காரணம் அணுக்கருக் கணக்கின் ஐயம், சோதனையின் குறை அல்ல. இந்த வீச்சின் கீழ்முனையை மட்டும் மேற்கோள் காட்டி மாதிரிகளைத் தள்ளுவது தவறு.

சிதைவு காணப்படாமல் போவதன் பொருள் நிறை வரிசையைப் பொறுத்தது: இயல்பு வரிசையில் இரண்டு இலேசு, ஒன்று கனம்; தலைகீழ் வரிசையில் இரண்டு கனம், ஒன்று இலேசு. தலைகீழ் வரிசை என்றால் மயோரானா வழியில் இந்தப் பயனுறு நிறை சுமார் 0.015 எ.வோ.வுக்குக் கீழே போக முடியாது. 10²⁸ ஆண்டு அரை ஆயுளை இலக்கு வைக்கும் லெஜண்ட்-1000 சோதனை அந்த இடத்தைத் தொடும். இயல்பு வரிசையில் கட்டங்கள் ஒன்றையொன்று கழித்து அது சுழிக்கே போகலாம். அப்போது மௌனம் எதையும் நிரூபிக்காது. 2025 ஆகஸ்டில் தரவெடுக்கத் தொடங்கிய சீனாவின் ஜூனோ நியூட்ரினோ சோதனை, வரிசையைத் தீர்மானிக்கச் சில ஆண்டுகள் எடுக்கும். இந்த இரண்டு சோதனைகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அண்டவியலிலிருந்து வருவது மூன்று நிறைகளின் கூட்டுத்தொகை. இயல்பு வரிசையில் குறைந்தபட்சம் 0.059, தலைகீழில் 0.10 எ.வோ. டெசி தொலைநோக்கித் திட்டம் 2025ல் தந்த மேல்வரம்பு 0.064. இது தலைகீழ் வரிசையை விலக்குவதோடு நில்லாமல் இயல்பு வரிசையின் தரையையும் உரசுகிறது. ஆனால் இருண்ட ஆற்றல் (பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துவது) மாறாதது என்று வைத்துப் பெற்ற எண் அது. மாறலாம் என்று விட்டால் அதே தரவில் வரம்பு 0.16 வரை தளர்கிறது. தளராமல் 0.059க்கும் கீழே இறங்கினால், மேலே சொன்ன எந்த மாதிரியும் நேராக அதற்கு விடை தராது; நியூட்ரினோ பிரபஞ்ச வயதுக்குள் சிதைகிறதா, அதன் நிறை காலத்தோடு மாறுகிறதா என்ற கேள்விகளைச் சீசாவோடு சேர்த்தே எழுப்ப வேண்டியிருக்கும்.