முகத்தை அச்சிடுவதா, நெய்வதா?

ஒரு புகைப்படத்தைத் துணிக்குக் கொண்டுவர, டிஜிட்டல் அச்சு சுலபமான வழி. வேலை சீக்கிரம் முடியும், எந்த வண்ணமும் கிடைக்கும். ஆனால் படம் மை வடிவில் துணியின் மேல்தான் நிற்கும். திரைச்சீலைக்கு அது போதும்.

டிஜிட்டல் ஜக்கார்டு கைத்தறி வேறு மாதிரி. நீளவாக்கில் ஓடும் ஒவ்வொரு பாவு நூலையும் தனித்தனியாகத் தூக்குவது கணினி. குறுக்கே போகும் ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை ஓட்டுவது நெசவாளரின் கை. பாவும் ஊடையும் பின்னும் விதத்திலிருந்தே நிழலும் வெளிச்சமும் பிறக்கின்றன. படத்தைத் துணியிலிருந்து பிரிக்கவே முடியாது. கலிஃபோர்னியா கலைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த அமெரிக்க நெசவுக் கலைஞர் லியா குக், இப்படித்தான் ஆளுயரத்துக்கு முகங்களை நெய்தார். தள்ளி நின்றால் ஒரு குழந்தை நம்மைப் பார்க்கும். கிட்டே போனால் வெறும் நூல். அப்புறம் அவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நரம்பியல் ஆய்வாளர்களோடு சேர்ந்து, புகைப்பட முகத்துக்கும் நெய்த முகத்துக்கும் மூளை எப்படி வேறுவேறாக எதிர்வினை செய்கிறது என்று ஆராய்ந்தார். மூளையின் நரம்பிழைப் படங்களையும் முகங்களோடு இணைத்து நெய்தார்.

தறி விலை அதிகம், வேலையும் மெதுவாகத்தான் நகரும். அவசரமென்றால் அச்சு சரி. மனித முகம் என்றால் நான் தறியைத்தான் சொல்வேன். துணிக்கலை படிக்கும் மாணவர்கள் ஒரு சாண் அளவாவது நெய்து பார்க்க வேண்டும்.