ஆத்தங்குடிக் கல் ஆர்டர் கணக்கு: ரூபியில் ஒரே சங்கிலியா, கிபாவா, தனித்தனிப் படிகளா?

ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் எக்செல்லில் ஏறும் ஆர்டர்களை மாசக் கடைசியில் சதுர அடியாக்க ரூபி நிரல்மொழியில் மூன்று வழி. மேப் (ஒவ்வொன்றையும் மாற்றுவது), செலக்ட் (வேண்டியதை மட்டும் பொறுக்குவது) என்று ஒரே சங்கிலியாகக் கோப்பது ஒன்று. தரவை எடுத்து, மாற்றி, ஏற்றுவதற்கான கிபா என்ற ஜெம் (ரூபிக்கான துணைத் தொகுப்பு) ஒன்று. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்ன கிளாஸ், எல்லாவற்றுக்கும் 'கால்' என்ற ஒரே மெத்தட், ஒரு படி தருவதை அடுத்த படிக்குக் கொடுக்கும்படி ரிடியூஸில் வரிசையாக ஓட்டுவது மூன்றாவது. என் ஓட்டு மூன்றாவதற்கு.

ஒரு தடவை ஓட்டித் தூக்கிப்போடும் வேலைக்குச் சங்கிலியே போதும்.

மாசாமாசம் ஓடுவதென்றால், தப்பு எந்தப் படியில் என்று எவ்வளவு சீக்கிரம் பிடிபடுகிறது என்பதுதான் கேள்வி. உதாரணமாக, எண்ணிக்கைக் கட்டத்தில் "1,200" என்று இருக்கிறது. எழுத்தை எண்ணாக்கும் 'டு_ஐ' போட்டால் கமாவிலேயே நின்று 1 தரும், பிழை ஏதும் காட்டாது. 8×8 அங்குலக் கல் 225 சேர்ந்தால் 100 சதுர அடி. ஆக 1,200 கல்லுக்கு 533 வரவேண்டிய இடத்தில் அரை சதுர அடிகூட வராது. சங்கிலியில் இது மொத்தத்தில் கரைந்துபோகும். தனிப் படிக்கு மினிடெஸ்ட்டில் (ரூபியின் சோதனைக் கருவி) மூன்று வரி போதும்: ஒரு ஆர்டர் வரியை ஹேஷாக (பெயர்-மதிப்பு ஜோடிகளாக) கொடுத்து, கால் செய்து, 1200 வருகிறதா என்று பார்ப்பது. ஃபைலே வேண்டாம்.

கமாவை நீக்கிவிட்டு 'இன்டிஜர்' மெத்தடால் மாற்றுங்கள். எண் இல்லாதது வந்தால் அங்கேயே பிழை எறியும். அளவை "08×08" என்று அடிப்பவர்களும் உண்டு. முன்சுழியைப் பார்த்து எண்ம (எட்டை அடியாகக் கொண்ட, ஆக்டல்) எண் என்று எடுத்துக்கொண்டு 08-ஐ 'இன்டிஜர்' மறுக்கும். இரண்டாவது ஆர்க்யூமென்ட்டாக 10 கொடுத்தால் சரியாகிவிடும்.

டெஸ்ட்டில் ஹேஷை ஃப்ரீஸ் செய்தே (மாற்ற முடியாதபடி பூட்டியே) கொடுங்கள். படி அதையே திருத்தப் பார்த்தால் உடனே பிழை விழும்; மாற்றத்தை மெர்ஜ் செய்து புது ஹேஷாகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் ரெஸ்க்யூவில் (பிழையைப் பிடிக்கும் இடத்தில்) கிளாஸ் பெயர், வரி எண்ணோடு அந்தப் படிக்கு வந்த ஹேஷையும் மாறாமல் அச்சிட முடியும். படிகளைக் கோக்க ரூபி 2.6-இல் வந்த இரட்டை அம்புக்குறி (>>) பார்க்க அழகு, ஆனால் இந்த வசதி அதில் கிடையாது.

கிபாவிலும் டிரான்ஸ்ஃபார்ம் (வரியை மாற்றும் படி) கிளாஸைத் தனியே சோதிக்கலாம். டேட்டாபேஸில் ஏற்றுவது, பல இடத்திலிருந்து எடுப்பது என்று வேலை பெருத்தால் அதற்கே போகலாம். ஒன்றில் மட்டும் உஷார்: டிரான்ஸ்ஃபார்ம் 'நில்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) திருப்பினால் அந்த வரி சத்தமில்லாமல் கழன்றுவிடும். மெத்தட் 'இஃப்'-இல் முடிந்து அந்த நிபந்தனை பொய்யானாலே போதும், ஆர்டர் காணாமல் போகும். ரிடியூஸில் அதே நில் அடுத்த படியில் முட்டி நிற்கும்.

எதை எடுத்தாலும், எக்செல்லின் யூடிஎஃப்-8 சிஎஸ்வி தலையில் பாம் (BOM, கண்ணுக்குத் தெரியாத தொடக்கக் குறி) இருக்கும். முதல் தலைப்பு மட்டும் பொருந்தாது. ஃபைலைத் திறக்கும்போதே பாம் நீக்கும் மோட் கொடுங்கள். ரூபி 3.4 முதல் சிஎஸ்வி ஜெம்மை ஜெம்ஃபைலிலும் (தேவையான ஜெம்களின் பட்டியல்) எழுத வேண்டும்.