வீட்டிலிருந்து பல்கலைக்கழக நூலகம்: சந்தா சரி, வாசல்தான் சரியில்லை

"ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சே, இன்னும் எதுக்கு யுனிவர்சிட்டி லைப்ரரி ப்ராக்ஸியைக் கட்டிக்கிட்டு அழணும்?" என்று பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. (ப்ராக்ஸி என்பது வளாகத்துக்கு வெளியே இருந்தபடி, நூலகம் சந்தா கட்டிய தளங்களைத் திறக்க விடும் இடைவழி.) வாட்ஸ்அப்பில் அடித்து முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே.

2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தத் திட்டம், 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் கீழுள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையமான, காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் ஒருங்கிணைக்கிறது. பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆய்விதழ்களுக்கான ஏற்பாடு. தேடுதளம், மின்னூல், பழைய இதழ்த் தொகுப்பு என்று வரும்போது உங்கள் நூலகம் தனியாகப் பணம் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, வேலை தனியார் கல்லூரியில், பதிவு அரசுப் பல்கலைக்கழகத்தில் என்றால் உரிமை வருவது பல்கலைக்கழகம் வழியாகத்தான். எப்படிச் சுற்றினாலும் அந்த லாகின் வாசலில் போய் நின்றாக வேண்டும்.

அந்த வாசல்தான் என் புகார். தன் வழியாக வந்தவரை மட்டுமே அது ஆளாக மதிக்கும். நூலகப் பக்கத்தில் லாகின் செய்து, இ-ரிசோர்ஸஸ் பட்டியலைத் திறந்து, எல்சேவியர் பதிப்பகத்தின் கட்டுரைத் தளமான சயின்ஸ்டைரக்டை அழுத்தினால் உள்ளே விடும். அதே உலாவியில், அதே நிமிஷத்தில், பக்கத்து டேபில் கூகுளில் தேடி அதே கட்டுரையைத் திறந்தால் 30 டாலருக்கு மேல் கேட்கும். கட்டுரை தேடுகிற எவரும் நூலகப் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. அடிக்குறிப்பில் கிடைத்த டிஓஐ (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்), கைடு அனுப்பிய மெயில், கூகுள் ஸ்காலர், இவற்றிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. இந்த உண்மை இதை வடிவமைத்தவர்களுக்கு மட்டும் தெரியாது போல.

காரணம் சிக்கலானதல்ல. பதிப்பகத்துக்கு உங்கள் பெயர் தெரியாது. பல்கலைக்கழகத்தின் ஐபி முகவரி மட்டும் தெரியும். பல நூலகங்கள் வைத்திருக்கும் ஈஸிப்ராக்ஸி என்ற மென்பொருள் நடுவில் நின்று, பக்கத்தைப் பல்கலைக்கழக சர்வர் வழியாக வாங்கி உங்களிடம் கொடுக்கிறது. அதற்காகப் பதிப்பகத்தின் இணைய முகவரியையே மாற்றி எழுதும். புள்ளி இருந்த இடமெல்லாம் இடைக்கோடாகும். வாலில் பல்கலைக்கழகத்தின் ப்ராக்ஸி பெயர் ஒட்டிக்கொள்ளும். முகவரிப் பட்டையில் அந்த வால் இருந்தால் உள்ளே இருக்கிறீர்கள், இல்லையென்றால் வெளியே. காலையில் லாகின் செய்தோமே என்பதெல்லாம் அந்த டேபுக்குத் தெரியாது.

வழி இருக்கிறது. நூலகப் பட்டியலில் ஏதாவது ஒரு தளத்தின் இணைப்பை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். முன்னால் ப்ராக்ஸியின் முகவரி, அதன் முடிவில் 'லாகின்', கேள்விக்குறி, 'யூஆர்எல்', சமக்குறி. அதற்குப் பிறகு பதிப்பகத்தின் முகவரி. சமக்குறி வரையிலான பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பணம் கேட்கும் பக்கத்தின் முகவரிக்கு முன்னால் அதை ஒட்டி என்டர் தட்டினால், லாகின் கேட்டுவிட்டு அதே கட்டுரைக்கே கொண்டுபோய் விடும். இதையே சில நூலகங்கள் புக்மார்க்லெட்டாக, அதாவது அழுத்தினால் இந்த வேலையைத் தானே செய்யும் புக்மார்க்காகத் தருகின்றன. புக்மார்க் பட்டையில் இழுத்துப் போட்டால் ஒரே சொடுக்கு. ஆண்ட்ராய்டு குரோமில் புக்மார்க் பட்டியலிலிருந்து அழுத்தினால் வேலை செய்யாது. முகவரிப் பட்டையில் அந்தப் புக்மார்க்கின் பெயரை அடித்து, கீழே வருவதைத் தேர்வு செய்ய வேண்டும். டிஓஐ முகவரிக்கு முன்னால் ஒட்டுவது நூலகத்தின் அமைப்பைப் பொறுத்தது. பதிப்பகத்தின் பக்கம் வரை போய்விட்டு அங்கே செய்வது பத்திரம்.

சில சமயம் ஒரு வெள்ளைப் பக்கம் வந்து, இந்த ஹோஸ்டை (தளத்தை) ப்ராக்ஸி நிர்வாகி கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் அனுமதிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லும். பார்த்துப் பயந்து பாஸ்வேர்டை மாற்றுகிறவர்கள் உண்டு. பாஸ்வேர்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்று, அந்தத் தளத்துக்கு நூலகம் சந்தா கட்டவில்லை. அல்லது பதிப்பகம் தன் டொமைனை மாற்றிவிட்டது, நூலகத்தில் பழைய வரி அப்படியே கிடக்கிறது. இரண்டாவது என்றால் நூலகர் ஒரு சில வரிகள் சேர்த்தால் தீர்ந்தது. "சைட் ஓப்பன் ஆகல சார்" என்று எழுதினால் நாள்கணக்கில் பதில் வராது. முழு முகவரி, நேரம், திரைப்பிடிப்பு மூன்றையும் வைத்து, மின்வளங்களைக் கவனிக்கும் நூலகருக்கே நேரடியாக எழுதுங்கள். பொது மெயிலுக்கு அனுப்பினால் அது புத்தகம் புதுப்பிக்கும் கவுன்ட்டருக்குப் போகும்.

இத்தனை எரிச்சலுக்கும் நடுவில் எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஸோட்டிரோ. மேற்கோள் சேகரிக்கும் மென்பொருள் என்றுதான் எல்லோரும் நிறுவுகிறார்கள். அதன் உலாவி நீட்சிக்கு இன்னொரு குணம் உண்டு. ஒருமுறை ப்ராக்ஸி வழியாக ஒரு தளத்துக்குள் போனதும், அந்த வாலை அடையாளம் கண்டு, இந்தத் தளத்தை இனி இப்படியே திறக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் போதும். அதற்குப் பிறகு கூகுளிலிருந்து வந்தாலும் மெயிலிலிருந்து வந்தாலும் நீட்சியே உங்களை ப்ராக்ஸிக்குத் திருப்பிவிடும். சேமிக்கும்போதும் புத்திசாலித்தனம்: குறிப்பில் வாலை நீக்கிவிட்டு அசல் முகவரியை எழுதும். கையால் நகலெடுத்தவர்களின் ஆய்வேட்டு நூற்பட்டியலில் ப்ராக்ஸி வால் அப்படியே தொங்குவதைப் பார்க்கலாம். தேர்வாளர் சொடுக்கினால் அவருக்கு லாகின் பக்கம் வரும். வளாகத்துக்குள் போகும்போது மட்டும் இந்தத் திருப்பல் வீண் சுற்று. நீட்சியின் ப்ராக்ஸி அமைப்பில் டொமைனைப் பார்த்துத் தானே அணைந்துகொள்ளும் வசதி இருக்கிறது, அதை இயக்கிவிடுங்கள்.

கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் 'லைப்ரரி லிங்க்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் பதிந்திருந்தால், தேடல் முடிவுக்குப் பக்கத்திலேயே நூலக இணைப்பு வரும். ஐந்து நூலகம் வரை சேர்க்கலாம். பதியாத பல்கலைக்கழகமாக இருந்தால் நூலகரை நச்சரிப்பது உங்கள் கடமை.

அடுத்த தலைவலி நேரம். ஈஸிப்ராக்ஸியில் மாற்றாமல் விட்டால், இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தால் செஷன் முடியும். முடிந்தால் முடியட்டும், மறுபடி லாகின் செய்யலாம். ஆனால் மேம்பட்ட தேடலில் எட்டு வரி நிரப்பி, சாப்பிட்டுவிட்டு வந்து 'சர்ச்' அழுத்தினால், லாகின் கேட்கும். செய்ததும் காலிப் பெட்டியில் நிறுத்தும். லாகின் பக்கத்துக்குப் போகும்போது முகவரி மட்டும்தான் நினைவில் இருக்கும், படிவத்தில் நிரப்பியது போய்விடும். ஆகவே தேடல் வரியை நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள். அல்லது தளத்துக்குள் சொந்தக் கணக்கு ஒன்று திறந்து தேடலைச் சேமியுங்கள். இந்தச் சொந்தக் கணக்கு வேறு, நூலக லாகின் வேறு. மூலையில் 'சைன் இன்' என்று இருப்பது சொந்தக் கணக்கு. அதில் நுழைந்துவிட்டு "இன்னும் பிடிஎஃப் வரவில்லையே" என்று புலம்புவதில் பயனில்லை.

இன்ஃப்ளிப்நெட் நடத்தும் பொது லாகின் ஏற்பாடான இன்ஃபெட் வழி நுழைவது ப்ராக்ஸியைவிட ஒழுங்கானது. பதிப்பகத்தின் பக்கத்திலேயே 'நிறுவனம் வழியாக' என்பதை அழுத்தி, பெயரைத் தேர்ந்து, பல்கலைக்கழகக் கணக்கில் நுழைந்தால் முகவரி மாறாமலே திறக்கும். ஆனால் ஒவ்வொரு பதிப்பகமும் நிறுவனப் பட்டியலை ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது. ஊர்ப் பெயரில் தேடினால் கிடைக்காத பல்கலைக்கழகம், அதற்கு வைத்திருக்கும் தலைவர் பெயரில் கிடைக்கும். எந்த வழியில் போனாலும் கட்டுரைப் பக்கத்தின் உச்சியில் 'அணுகல் வழங்குவது' என்று ஒரு மெல்லிய பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி வைஃபையில் உட்கார்ந்து திறந்தால் பதிப்பகம் கல்லூரியின் ஐபியை முதலில் அடையாளம் கண்டு, கல்லூரிப் பெயரைக் காட்டி, கல்லூரிக்கு இல்லாத இதழை மறுக்கலாம். அப்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் பாதிச் சண்டை தீரும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் நூலகத் தேடுபொறியைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 'முழு உரை உண்டு' என்று பச்சை விளக்கு எரியும், அழுத்தினால் இருக்காது. பல பதிப்பகங்களின் இதழ்களைச் சேர்த்துத் தரும் தொகுப்புத் தளங்களில் பல இதழ்களுக்குக் கடைசி 12 மாதம் தடை உண்டு. சயின்ஸ்டைரக்டில் 1995க்கு முந்தியவை தனியாக வாங்க வேண்டிய பழைய தொகுப்பு. பச்சை விளக்கு இதழைப் பார்த்து எரிகிறது, ஆண்டைப் பார்த்து அல்ல.

நேரடியாகத் தளத்துக்குப் போய்த் தேடுவதே மேல். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கணம். கட்டுரைச் சுருக்கங்களையும் மேற்கோள்களையும் தேடும் தளமான ஸ்கோபஸில் இரண்டு சொற்கள் மூன்று சொல் இடைவெளிக்குள் வர 'டபிள்யூ' போட்டு சாய்கோடு 3. அதே வகைத் தளமான வெப் ஆஃப் சயின்ஸில் 'நியர்' சாய்கோடு 3, எண் போடாவிட்டால் 15 என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஆய்விதழ்களின் தொகுப்பான ஜேஸ்டோரில் இரு சொல்லையும் மேற்கோள்குறிக்குள் வைத்து, பின்னால் அலைக்குறியும் எண்ணும். ஸ்கோபஸில் இரட்டை மேற்கோள் போட்டாலும் அது தளர்ந்த தேடல்தான், ஒருமை பன்மையைத் தானே சேர்க்கும். எழுத்து பிசகாமல் வேண்டுமென்றால் நெளி அடைப்புக்குறி. இன்னொன்று, ஸ்கோபஸில் கட்டுரையின் முழு உரை கிடையாது. அதைச் சந்தா வாங்கியும் "ஒண்ணும் டவுன்லோட் ஆகல" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தமிழக வரலாறு, பொருளாதாரம் தேடுகிறவருக்கு ஜேஸ்டோர்தான் தங்கம். எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி 1966 முதல் அங்கே கிடக்கிறது. பெரும்பாலான இதழ்களில் அண்மைய 3 முதல் 5 ஆண்டு இருக்காது, அது அவர்கள் வைத்த நகரும் சுவர். உங்கள் லாகின் கோளாறு அல்ல. ஊர்ப் பெயரை இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். திருநெல்வேலியோடு 'டின்னவெல்லி', தஞ்சாவூரோடு 'டாஞ்சூர்', திருச்சியோடு 'ட்ரிச்சினோபொலி', தூத்துக்குடியோடு 'ட்யூட்டிகோரின்' என்று இரண்டையும் 'ஆர்' போட்டு, அதுவும் பெரிய எழுத்தில், இணைக்க வேண்டும். மதுரைக்கான பழைய 'மதுரா'வைத் தனியாகப் போட்டால் ஜாவாவை ஒட்டிய மதுரா தீவும் சேர்ந்து வரும். கூடவே 'மெட்ராஸ்' என்று ஒரு சொல் சேர்த்தால் தீவு பெரும்பாலும் விலகிவிடும்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான, லாகினே தேவைப்படாத ஷோத்கங்காவை ஏன் பலரும் கடைசியில் தேடுகிறார்கள் என்று புரியவில்லை. ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனி பிடிஎஃப். 01 என்று தொடங்குவது தலைப்புப் பக்கம், 80 என்று எண்ணிட்டது இருந்தால் அதில் பெரும்பாலும் தலைப்பும் முடிவுரையும் இருக்கும். முதலில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் மற்றதை இறக்குங்கள். தமிழில் எழுதிய ஆய்வேடுகளை உள்ளடக்கச் சொல்லால் தேட முடியாது. பல ஸ்கேன் செய்த படங்கள், பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ளவை. தலைப்பும் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழெழுத்தில், இன்னொன்றில் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். நெறியாளர் பெயராலும் துறையாலும் உலவுவதுதான் பலன் தரும்.

ஒரு எச்சரிக்கை. ப்ராக்ஸி வழியாக வரும் அத்தனை பேரும் பதிப்பகத்துக்கு ஒரே ஐபி. யாரோ ஒருவர் நீட்சி வைத்து ஒரு இதழின் எல்லா ஆண்டுகளையும் இறக்கினால், பதிப்பகம் அந்த ஐபியைத் தடுக்கும். மொத்தப் பல்கலைக்கழகமும் வெளியே. ஸோட்டிரோவில் 200 குறிப்புகளைத் தேர்ந்து 'பிடிஎஃப் தேடு' என்று விடுவதும் இந்தக் கணக்கில் வரலாம்.

ஆகவே நண்பரே, பதில்: ப்ராக்ஸியை விடாதீர்கள். உள்ளே இருக்கும் சரக்குக்கு ஈடு இல்லை, ஸோட்டிரோ நீட்சியோடு சேர்த்தால் பாதி நாள் வாசல் இருப்பதே தெரியாது. இவ்வளவு சொல்லிவிட்டும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். ஒரு சந்தாதாரர் தனக்கு உரிமையான கட்டுரையைப் படிக்க முகவரியின் வாலை ஆராய வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று நூலகத்தில் இன்றே கேட்டு எழுதி வாங்குங்கள். பதிவுக்காலம் முடியும் நாளிலா, வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகா என்பது இடத்துக்கு இடம் வேறு. முன்னாள் மாணவர்களுக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வெளியிலிருந்து அணுகல் கிடையாது. தேவையான பிடிஎஃப்களை அதற்கு முன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளுக்குக் கொஞ்சமாக.