பழைய எம்எக்ஸ்-5 வைத்திருப்போர் கவனத்துக்கு: ‘முழு டைமிங் பெல்ட் சர்வீஸ்’ பில்லை நம்பி ஏமாறாதீர்கள்

பிரிட்டனில் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கும், அதே வண்டியின் ஜப்பான் இறக்குமதியான யூனோஸ் ரோட்ஸ்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. விஷயத்தில் உள்ள வண்டி 1995 மாடல், 1.8 லிட்டர் யூனோஸ். ‘எம்எக்ஸ்-5 ஸ்பெஷலிஸ்ட்’ என்று போர்டு மாட்டிய ஒரு கராஜில் வேலை நடந்தது. டைமிங் பெல்ட் (பிஸ்டன்களின் அசைவோடு வால்வுகளை ஒத்திசைக்கும் பெல்ட்), அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், வழி நடத்தும் ஐட்லர், வாட்டர் பம்ப், இரண்டு கேம் சீல் (கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு), முன்பக்க கிராங்க் சீல் (கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் கவர் கேஸ்கெட், வால்வ் அட்ஜஸ்ட்மென்ட், பின் பிரேக் பேட், புது சாஃப்ட் டாப், எல்லாமே பில்லில் உண்டு. வண்டியில் உண்மையிலேயே புதிதாக இருந்தவை பெல்ட், பேட், டாப் துணி, இந்த மூன்றும்தான்.

பில்லை வாசித்தாலே இரண்டு பொய் தெரிந்துவிடும். முதலாவது, வால்வ் அட்ஜஸ்ட்மென்ட். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை இன்ஜின்களில் ஹைட்ராலிக் லிஃப்டர்கள்தான், அதாவது வால்வ் இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தாமே சரிசெய்துகொள்பவை. அவற்றில் அட்ஜஸ்ட் செய்ய எதுவுமே கிடையாது. குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்தால், லிஃப்டரில் ஆயில் வடிந்துபோயிருக்கிறது அல்லது அழுக்கு அடைத்திருக்கிறது. சரியான கிரேடு ஆயிலை ஊற்றி, நேரத்துக்கு மாற்றிவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து கிளியரன்ஸ் (இடைவெளி) பார்ப்பது அதற்குப் பின் வந்த 1.8 இன்ஜின்களின் கதை. 1995 வண்டிக்கு அப்படி ஒரு வரி போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள் என்றால், ஒன்று அந்த இன்ஜினை அவர்களுக்குத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, கூலன்ட். பில்லில் இருந்தது கலந்து வைத்த கூலன்ட் ஒரு லிட்டர். இந்த வண்டியின் கூலிங் சிஸ்டம் முழுக்க நிரம்ப சுமார் 6 லிட்டர் பிடிக்கும். வாட்டர் பம்பைக் கழற்றினால் ஒரு லிட்டரை விட எவ்வளவோ அதிகம் தரையில் கொட்டியிருக்கும். பம்பைத் தொடவே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பழைய பம்பின் கறுத்த அலுமினியமும், கசிவுத் துளைக்குக் கீழே காய்ந்துபோன கூலன்ட் கறையும் அப்படியே இருந்தன. இந்த இன்ஜினில் பம்பைச் சுழற்றுவது டைமிங் பெல்ட் அல்ல, ஆல்டர்னேட்டர் பெல்ட். ‘பம்ப் பிறகு போனால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று அதை வைத்துச் சமாதானம் சொல்வார்கள். ஆனால் பம்பைக் கழற்ற டைமிங் கவர்களைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால்தான் இரண்டையும் ஒரே மூச்சில் செய்வது.

கிராங்க் சீலுக்கு வருவோம். அதை மாற்ற வேண்டுமானால் கிராங்க் புல்லியின் நடுவில் உள்ள 21 எம்எம் போல்ட்டைக் கழற்றாமல் முடியாது. அந்த போல்ட்டின் தலையில் சாக்கெட் பட்ட பளபளப்பு இருக்க வேண்டும், துரு உடைந்திருக்க வேண்டும். இங்கே துரு ஓர் ஓரம் கூட உடையவில்லை. 1.8 இன்ஜினில் இந்த போல்ட்டின் டார்க் (இறுக்க வேண்டிய முறுக்கு விசை) 157 முதல் 166 நியூட்டன் மீட்டர். 1991 வரை வந்த ஆரம்பகால 1.6 வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் கிராங்க்கின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன் முனை, குட்டை, டார்க்கும் 108 முதல் 118 வரைதான். புல்லியில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீளம். போல்ட் சரியாக இறுகாமல் ஓடினால் புல்லி நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டையும் அதன் பள்ளமும் அரைபட்டு, புல்லி ஆடத் தொடங்கும். டைமிங் தானாக நகரும். கடைசியில் கிராங்க்கையே மாற்றும் நிலை வரும். அனுபவமில்லாத கை பட்டால் அதிக நஷ்டம் இந்த ஒரு போல்ட்டில்தான்.

பெல்ட் மட்டும் புதிது என்று சொன்னேன். அதுவும் ஒரு பல் தவறி மாட்டப்பட்டிருந்தது. இரண்டு கேம் கியர்களிலும் ஐ (I), ஈ (E) என்று ஆங்கில எழுத்துக் குறி இருக்கும். இன்டேக் கியரின் ஐ குறிக்கும் எக்ஸாஸ்ட் கியரின் ஈ குறிக்கும் நடுவே பெல்ட்டில் 19 பல் இருக்க வேண்டும். மாட்டிய பிறகு இன்ஜினைக் கையால் கடிகார திசையில் மட்டும் சுற்ற வேண்டும். 1 முழுச் சுற்றும் இன்னொன்றில் ஆறில் ஐந்து பங்கும் சுற்றி நிறுத்தி, டென்ஷனர் போல்ட்டைத் தளர்த்தினால், அதன் ஸ்பிரிங்கே தேவையான இழுவையைக் கொடுத்துவிடும். அப்படியே விட்டு 38 முதல் 51 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் போதும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி இறுக்குபவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் பெல்ட் ஊளையிடும், பேரிங் சீக்கிரம் செத்துப்போகும்.

பல் தவறினாலும் இந்த இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதாது. அதுவே ஏமாற்றுபவர்களுக்கு வசதி. வண்டி ஓடும், ஆனால் மந்தமாக ஓடும், ஐட்லிங் தடுமாறும். இங்கே அதை மறைக்க, ஹெட்டின் பின்னால் உள்ள கேம் ஆங்கிள் சென்சாரை (கேம் நிற்கும் கோணத்தைக் காட்டும் சென்சார்) திருப்பி இக்னிஷன் டைமிங்கை ஒப்பேற்றியிருந்தார்கள். இக்னிஷன் சரியாகும், வால்வ் டைமிங் தவறு அப்படியேதான் இருக்கும். நீங்களே சோதிக்கலாம்: இன்ஜின் நன்றாகச் சூடான பின் டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து டைமிங் லைட் அடியுங்கள். டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் நிலை) முன் 10 டிகிரி காட்ட வேண்டும். 10 டிகிரி காட்டியும் இழுவை இல்லை, சென்சாரோ அதன் பழைய அழுக்குத் தடத்தை விட்டுத் திரும்பி நிற்கிறது என்றால் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம்.

கேம் கவரைச் சுற்றிலும் சிலிகான் பிதுங்கி நின்றது. அது மூலைகளில் ஒரு பொட்டு வைக்க வேண்டிய பொருள். சுற்றிலும் பூசினால் உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் சல்லடையில் போய் அடைக்கும். கேம் கவர் போல்ட்டுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் போதும். பலம் காட்டினால் அலுமினிய மரை கழன்று வரும்.

இதே கராஜ் அடுத்து வீசிய வலை: ‘கியர்பாக்ஸ் முன்னால் ஆயில் ஒழுகுகிறது, ரியர் மெயின் சீல் (கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.’ இந்த வண்டியில் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மேல் ஆயில் வடிந்தால் முதலில் பார்க்க வேண்டியது கேம் ஆங்கிள் சென்சாரின் ஓ-ரிங்கும் கேம் கவரின் பின் மூலைகளும். ஓ-ரிங் சில்லறைக் காசு. சென்சார் நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, ஒரு 12 எம்எம் போல்ட்டைக் கழற்றி மாற்றி, அதே குறியில் வைத்துப் பூட்டி, டைமிங்கை ஒரு முறை சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது. பிறகு இடத்தைத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பார்க்காமல் கியர்பாக்ஸில் கை வைக்க யாரையும் விடாதீர்கள்.

பின் பிரேக்கில் பேட் புதிது, ஆனால் ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை. காலிப்பரின் பின்னால் 14 எம்எம் மூடி போல்ட் ஒன்று இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 எம்எம் ஆலன் கீ போகும் ஸ்க்ரூ. அதை இடப்பக்கம் திருப்பித்தான் பிஸ்டனை உள்ளே இழுக்க வேண்டும். கிளாம்ப் போட்டு அமுக்கினால் உள்ளே இருக்கும் அட்ஜஸ்டர் கெடும். பேட் மாட்டியதும் வலப்பக்கம் திருப்பி, வீல் பிடிக்கும் வரை இறுக்கி, பிறகு மூன்றில் ஒரு பங்கு சுற்று தளர்த்த வேண்டும்.

சாஃப்ட் டாப்பில் துணி புதிது. அதற்கடியில் மழைநீரைத் தாங்கும் ரெயின் ரெயில் பழையது, விரிசல் விட்டது. டிரெயின் ஓட்டைகளைச் சுத்தம் செய்யவே இல்லை. சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் உள்ள ஓட்டையில் ஒரு கப் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் கொட்ட வேண்டும். கொட்டாமல் தேங்கினால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் உலோகப் பகுதிக்குள் (சில்) இறங்கித் துரு பிடிக்கும். சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உலோகம் பலமிழந்திருந்தால் பிரிட்டனின் வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் வண்டி தோற்றுவிடும். அடைப்பெடுக்கக் கம்பி விடாதீர்கள், குழாய் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் நரம்பு போதும்.

இப்படி ஒரு வண்டி உங்கள் கையில் வந்தால் உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். நீங்கள் திறந்துவிட்டால் ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்பார்கள். கழற்றாமல் பார்க்க முடிந்தவற்றை, அதாவது கிராங்க் போல்ட்டின் துரு, பம்பின் கறை, கேம் கவர் சிலிகான், சென்சார் தடம், எல்லாவற்றையும் தேதியோடு படமெடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். இதை வேலைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது இன்னும் நல்லது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, தேவையான திறமையோடும் கவனத்தோடும் செய்யாத வேலையைத் திரும்பச் செய்து தரும்படி கேட்கலாம். அது முடியாவிட்டாலோ, நியாயமான காலத்தில் நடக்காவிட்டாலோ விலையைக் குறைக்கக் கேட்கலாம். போடாத பாகத்துக்கு வாங்கிய காசைத் தனி வரியாகக் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்து, தொகை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் என்றால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின் கீழ் கார்டு நிறுவனத்திடமே கோரலாம். டெபிட் கார்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.