டிசிபியைக் கெர்னலுக்குள்ளேயே படிக்க: லினக்ஸா, ஃபிரீபிஎஸ்டியா?

டிசிபி (இணையத்தில் தரவு தவறாமல் போய்ச் சேர வழிசெய்யும் நெறிமுறை) போன்ற வலைப்பின்னல் நெறிமுறைகளை அம்புக்குறிப் படங்களால் விளக்கும் பாடங்களுக்குக் குறைவில்லை. ஆனால், ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) வலையட்டையில் வந்து இறங்கியது முதல் அதற்காகக் காத்திருக்கும் நிரலின் கைக்குப் போய்ச் சேரும்வரை இயங்குதளத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை மூலநிரலிலேயே பார்க்க விரும்புவோர், ஏதேனும் ஒரு கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் வார இறுதிகளில் கூடிப் படிக்கும் எங்கள் சிறு குழுவுக்கும் இந்தக் கேள்வி வந்தது. கடலூரிலிருந்து பேருந்தில் வரும் கல்லூரி மாணவர்களும் இக்குழுவில் உண்டு. நாங்கள் லினக்ஸை விட்டு, யூனிக்ஸ் வழிவந்த கட்டற்ற இயங்குதளமான ஃபிரீபிஎஸ்டியை எடுத்துக்கொண்டோம். ஆகவே இதை நடுநிலையான ஒப்பீடாகக் கொள்ள வேண்டாம்.

எம்ஐடியில் பாடத்துக்காகவே எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளம் படிக்க மிக எளிது. ஆனால் அதில் முழுமையான டிசிபி இல்லாததால் அதை விட்டுவிட்டோம். வேலைவாய்ப்பு என்று பார்த்தால் லினக்ஸ்தான், அதில் விவாதத்துக்கு இடமில்லை. நெட்ஃபிளிக்ஸின் வீடியோ வழங்கும் கணினிகளும் ஜூனிபரின் ஜூனோஸும் ஃபிரீபிஎஸ்டியைச் சார்ந்தவை என்பது உண்மையானாலும், சென்னையில் நேர்முகத் தேர்வுக்குப் போகும் ஒரு மாணவருக்கு அது பெரிதாக உதவப்போவதில்லை. உரிம வேறுபாடு படிப்பவரைப் பாதிக்காது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது விளக்கங்களின் ஆயுள். லினக்ஸ் கெர்னல் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. உள்ளே இருக்கும் செயற்கூறுகளை விருப்பம்போல் மாற்றுவது அங்கே கொள்கையாகவே பின்பற்றப்படுகிறது. மென்பொருளுக்கு இது நல்லது, தனியாக உட்கார்ந்து படிப்பவருக்கோ இடைஞ்சல். லினக்ஸின் டிசிபியை விளக்கும் பழைய கட்டுரைகள் பலவும் வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடங்களாகப் பெறுவரிசை, முன்வரிசை, பேக்லாக் என மூன்று வரிசைகளைக் காட்டும். அவற்றுள் முன்வரிசை 2017இல் வந்த 4.14 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஐபிவி4 ரவுட்டிங் கேஷ் (பாக்கெட் போகும் வழிகளை நினைவில் வைக்கும் இடம்) 2012இல், 3.6 பதிப்பில் போய்விட்டது. இது தெரியாத மாணவர் கட்டுரையில் உள்ள பெயரை நிரலில் தேடிக் கிடைக்காமல், தமக்குத்தான் புரியவில்லை என்று எண்ணிச் சோர்ந்துவிடுகிறார். நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கையில் கிடைக்கும் விளக்கம் அந்தப் பதிப்பைப் பற்றியதாக இருக்க வேண்டுமே.

ஃபிரீபிஎஸ்டியில் தொடர்ச்சி அறுபடவில்லை. 1983இல் 4.2பிஎஸ்டியோடு பரவலான டிசிபி/ஐபி நிரலின் நேர்வழி வாரிசு அது. ஈதர்_இன்புட், ஐபி_இன்புட், டிசிபி_இன்புட் என்று பாக்கெட் ஏறிவரும் படிகள் பெரும்பாலும் பழைய பெயர்களிலேயே இருப்பதால், 1990களில் எழுதப்பட்ட விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய நிரலுக்குள் நடக்க முடிகிறது. மாற்றமே இல்லை என்று சொல்லவில்லை: 2018இல் வந்த 12ஆம் பதிப்பில் ஒரே தரவை ஒரே நேரத்தில் பலர் தொடாமல் காக்கும் பூட்டுகள் பலவற்றின் இடத்தை, பூட்டாமலே படிக்கவிடும் ஈபாக் முறை பிடித்துக்கொண்டது, ஒன்றுக்கு மேற்பட்ட டிசிபி அடுக்குகளுக்கு இடம் தந்ததால் சில அழைப்புகள் சுட்டிகள் வழியாகப் போகின்றன. ஆனாலும் பாக்கெட்டை நினைவகத்தில் தாங்கும் எம்பஃப் போன்ற உள் அமைப்புகளை விளக்கும் ஒன்பதாம் பிரிவு மேன் பக்கங்கள் (கையேட்டுப் பக்கங்கள்) அதே மூலநிரல் மரத்தில் (கோப்புத் தொகுப்பில்) நிரலோடு சேர்ந்தே பராமரிக்கப்படுகின்றன. இணையம் இல்லாத மாலையிலும் படிப்பு நிற்பதில்லை.

பயன்பாட்டுக் கருவிகளும் அதே மரத்தில்தான் இருக்கின்றன. இதன் பலனை ஓர் உதாரணத்தால் காட்டுகிறேன். வலை நிலவரம் காட்டும் நெட்ஸ்டாட் கருவி தரும் டிசிபி புள்ளிவிவரத்தில், முழுவதும் இரட்டிப்பாக வந்த பாக்கெட்டுகளுக்கு ஒரு வரி உண்டு. பாக்கெட்டுகளை வேண்டுமென்றே தொலைக்க உதவும் டம்மிநெட் கொண்டு நம் பக்கத்திலிருந்து போகும் ஒப்புகைகளில் (பெற்றுக்கொண்டோம் என்ற பதில்களில்) பெரும்பகுதியைத் தொலையவிட்டால், எதிர்முனை அனுப்பியதையே மறுபடி அனுப்ப, அந்த எண் ஏறுகிறது. நெட்ஸ்டாட்டின் நிரலில் அந்த வரியைத் தேடினால் எண்ணியின் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைக் கெர்னலில் தேடினால் நேராக டிசிபி_டூ_செக்மென்ட் என்ற செயற்கூறுக்குள் போய் நிற்போம். அங்கே, வந்த வரிசையெண் நாம் எதிர்பார்க்கும் எண்ணுக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று கழித்துப் பார்க்கிறது நிரல். முழுவதும் பழையதென்றால் தரவை விட்டுவிட்டு, ஒப்புகை அனுப்பச் சொல்லும் கொடியை ஏற்றி, பாக்கெட்டில் உள்ள ஒப்புகை எண்ணை மட்டும் தொடர்ந்து பரிசீலிக்கிறது. ஏற்கத்தகாத பாக்கெட்டுக்கு ஒப்புகை அனுப்பிவிட்டு அதைத் தூக்கியெறிந்து திரும்பிவிடச் சொல்கிறது 1981இன் டிசிபி தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 793. தரநிலைக்கும் நிரலுக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்களில் பலருக்கு நெறிமுறை பிடிபடத் தொடங்கியது. லினக்ஸிலும் இதே தேடலைச் செய்யலாம். ஆனால் கருவி ஒரு களஞ்சியத்திலும் கெர்னல் இன்னொன்றிலும் இருக்கும், உபுண்டு போன்ற வழங்கல் தரும் கெர்னலிலோ அதைத் தயாரிப்பவர்கள் சேர்த்த திருத்தங்கள் வேறு இருக்கும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மடிக்கணினிகளின் வைஃபை அட்டைகளுக்கு ஃபிரீபிஎஸ்டியின் ஆதரவு லினக்ஸ் அளவுக்கு இல்லை. நாங்கள் லினக்ஸுக்கு மேல் மெய்நிகர் கணினியில்தான் அதை ஓட்டுகிறோம், கொஞ்சம் வேடிக்கைதான். புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இயங்குவதால் லினக்ஸில் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடைப்பார்; ஃபிரீபிஎஸ்டியில் பெரும்பாலும் நாமே முட்டிமோத வேண்டும். அதிவேக அட்டைகளில் இரண்டையும் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு இல்லாததால், செயல்திறன் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

லினக்ஸ் தெளிவாக முந்தும் இடமும் உண்டு. பாக்கெட் எங்கே, ஏன் கைவிடப்பட்டது என்பதற்கான காரணத்தையே 5.17 பதிப்பு முதல் டிரேஸ் (இயக்கத் தடம் பதியும் வசதி) வழியாகத் தருகிறது. ஃபிரீபிஎஸ்டியில் டிடிரேஸ் என்ற அதுபோன்ற கருவியை வைத்து அழைப்பு வரிசையைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. கன்டெய்னர் வலையமைப்பு, இபிபிஎஃப் (கெர்னலுக்குள் சிறு நிரல்களை ஓட்டும் வசதி), என்எஃப்டேபிள்ஸ் (பாக்கெட் வடிகட்டி) ஆகியவற்றில் வேலை செய்யப் போகிறவர் சுற்றுவழி போகத் தேவையில்லை. அவர் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒன்றை இறக்கி, டிசிபி பாக்கெட்டை வாங்கிக்கொள்ளும் டிசிபி_வி4_ஆர்சிவி செயற்கூறிலிருந்து தொடங்கி, எந்தக் கட்டுரையைப் படித்தாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.