கரண்ட் வைக்கும்போது தசை தளர்த்த எது: சக்சமெத்தோனியமா, ரொக்குரோனியமா?

மட்டக்களப்பில் சனம் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் ஈசிடியில் (மயக்கத்தில் மூளைக்கு மின்சாரம் கொடுத்து வலிப்பை வரவைக்கும் மனநோய்ச் சிகிச்சை) வலிப்பு மூளைக்குத்தான் வேண்டும், உடம்புக்கு வேண்டாம். தசையைத் தளர்த்தாமல் செய்த காலத்தில் முள்ளந்தண்டு எலும்பே உடைந்தது. 1950களில் வந்த சக்சமெத்தோனியம் இன்றும் முதல் தெரிவு. கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் போதும். ஒரு நிமிடத்தில் பிடிக்கும், பத்து நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பும். விலையும் குறைவு. பெரும்பாலானோருக்கு நானும் இதையே சொல்வேன்.

படுவான்கரையிலிருந்தோ சம்மாந்துறை வயல் பக்கமிருந்தோ வருகிறவர் என்றால், முதலில் வீட்டாரிடம் ஒன்று கேட்க வேண்டும்: "அம்மா, மகன் கிட்டடியில வயல் மருந்து ஏதும் குடிச்சவரா?" கடும் மனச்சோர்வில் அப்படிச் செய்து தப்பியவருக்கே ஈசிடி தேவைப்படலாம். ஓர்கனோபொஸ்பேட் என்ற பூச்சிகொல்லி நஞ்சு இரத்தத்திலுள்ள கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். சக்சமெத்தோனியத்தை உடைப்பதும் அதே நொதிதான். அது பழைய அளவுக்கு வரக் கிழமைக்கணக்காகும். அதற்குள் ஊசி போட்டால் தளர்ச்சி மணிக்கணக்கில் நீளலாம். தூக்க மருந்தோ சில நிமிடத்தில் இறங்கிவிடும். கண் திறக்க முடியாமல், மூச்சு விட முடியாமல், எல்லாம் கேட்டுக்கொண்டு கிடப்பது மனிதருக்கு வரக்கூடாத கொடுமை.

அங்கே ரொக்குரோனியம்தான் சரி. அந்த நொதி அதற்குத் தேவையில்லை. ஆனால் பிடிக்கக் கொஞ்சம் சுணங்கும், அரை மணிக்கு மேலும் நிற்கும். சுகமடெக்ஸ் என்ற மாற்று மருந்து கொடுத்தால் சில நிமிடத்தில் தளர்ச்சி விலகும். அது விலை கூடிய மருந்து. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணுக்கு அடுத்த 7 நாள் வேறு பாதுகாப்பும் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். தளர்ச்சியை விலக்கும் மற்ற மருந்தான நியோஸ்டிக்மினை இங்கே நம்ப முடியாது. அது நரம்பும் தசையும் சேரும் இடத்திலுள்ள கோலினெஸ்டரேஸைத் தடுத்துத்தான் வேலை செய்யும்; நஞ்சு அதையும் ஏற்கனவே முடக்கியிருக்கலாம்.

மூச்சுக்கு முகமூடியும் பையும் போதும். 6 முதல் 12 தடவை நடக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு முறையும் குழாய் போடுவது தொண்டைக்கு வீண் தொல்லை. நிறைமாதக் கர்ப்பிணிபோல இரைப்பை நீர் மேலேறும் ஆபத்து உள்ளவருக்கு அது வேறு கதை. கரண்டுக்கு முன் ஒட்சிசனைச் சற்று வேகமாக ஊதினால் காபனீரொட்சைட்டு குறைந்து வலிப்பு நன்றாக வரும். வாய்க்குள் வைக்கும் ரப்பர் கட்டை கட்டாயம்: தாடைத் தசையைக் கரண்ட் நேரே இழுக்கும், தளர்த்தும் மருந்து அதைத் தடுக்காது.

சுகமடெக்ஸ் கையில் இல்லையென்றால்? நொதி அளவைப் பார்த்து, நோயாளி தாங்குவார் என்றால் தள்ளிவைக்கலாம். சாப்பாடும் தண்ணியும் விட்டுக் கிடப்பவருக்குத் தள்ளிவைக்க முடியாது. குறைந்த அளவு ரொக்குரோனியம் கொடுத்து, அது தானாக இறங்கும் வரை தூங்கவைத்து மூச்சுக் கொடுக்க ஆளும் நேரமும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.