எல்க் வில்வேட்டை: நேரடி உரிமமா, குலுக்கலா?

எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாடச் செப்டம்பரில் வில்லெடுக்கும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலவாசிகளின் குழப்பம் இது. வெளிமாநிலத்தாருக்கு இந்தக் குழப்பமே இல்லை. 2025 முதல் மாநிலத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே அவர்களுக்குக் குலுக்கல்தான்.

காத்திருப்பு
நேரடி: இல்லை. பணம் கட்டினால் உரிமம்.
குலுக்கல்: கிடைக்காத ஆண்டுக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி; புள்ளி அதிகமுள்ளவருக்கே முதலில் உரிமம். 2, 201 என எண்ணிட்ட வடமேற்கு வேட்டைப் பிரிவுகள் போன்றவற்றுக்குப் பத்தாண்டுக்கும் மேல். மகன் தொட்டிலில் கிடந்தபோது சேர்க்கத் தொடங்கியவர், அவனுக்கு மீசை அரும்பும்போதுதான் காட்டுக்குப் போவார்!

இடம்
நேரடி: பல பிரிவுகளில் செல்லும், கூட்டமும் அப்படியே. எல்க் கூவுகிறதென்று ஓடினால், புதருக்குள் இன்னொரு வேட்டைக்காரர் அதன் குரலில் ஊதலை ஊதிக்கொண்டிருப்பார்.
குலுக்கல்: குறித்த பிரிவு மட்டும், அமைதி, முதிர்ந்த கொம்புகள்.

செப்டம்பர் நடுவே கரிமருந்துத் துப்பாக்கிக்காரர்கள் புகும் எரிச்சல் இரண்டுக்கும் பொது.

இறைச்சிக்கு நேரடி, பெருங்கொம்புக்குக் குலுக்கல். நான் நேரடி உரிமத்தில் வேட்டையாடிக்கொண்டே புள்ளியும் சேர்க்கிறேன்; அதற்குத் தடையில்லை.